மலிவு விலை ஹாப்டிக் துடுப்பில் நிலை அளவு தடுமாறினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒரு கைப்பிடி, ஒரு சின்ன டி.சி. மோட்டார், மோட்டார் தண்டின் நுனியில் ஒரு காந்தம், அதற்கு எதிரே ஒரு கோண சென்சார், ஓர் ஆர்டுயினோ வகை போர்டு. நிரல் சொல்லும் விசையைக் கையால் உணரவைக்கும் ஹாப்டிக் துடுப்பு என்றால் இவ்வளவுதான். 1990-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் வகுப்புக்காக உருவான துடுப்பும், பின்னர் அதே இடத்தில் அலிசன் ஒகமுராவின் குழு எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியிட்ட ஹாப்கிட்டும் ஒரே அடிப்படையில்தான் இயங்குகின்றன. கைப்பிடி எங்கே இருக்கிறது என்று சென்சார் சொல்கிறது. அதைப் பார்த்து நிரல் மோட்டாருக்கு விசை கொடுக்கிறது. அது கையில் சுவராகவோ வில்லாகவோ படுகிறது.

நிலை அளவு கெட்டால் எல்லாமே கெடும். ஆனால் பலரும் உடனே ‘இந்த சென்சார் போதாது, நல்ல என்கோடர் வாங்கிவிடலாம்’ என்ற முடிவுக்குப் போகிறார்கள். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இக்கட்டுரை முழுவதற்கும் ஒரே கருவியை வைத்துக்கொள்வோம். மோட்டார் கப்பியின் ஆரம் 5 மி.மீ., கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் விசிறி வடிவத் தகட்டின் ஆரம் 75 மி.மீ., கைப்பிடியைப் பிடிக்கும் இடமும் அச்சிலிருந்து 75 மி.மீ. கப்பியில் சுற்றிய கயிறு தகட்டை இழுத்துத் திருப்புகிறது. ஆக விகிதம் 15, அதாவது கைப்பிடி 1 டிகிரி திரும்ப மோட்டார் 15 டிகிரி திரும்பும். சென்சார் கே.எம்.ஏ.210. இது காந்தப்புலத்தின் திசைக்கேற்ப மின்தடை மாறும் வகை. 180 டிகிரிக்கு ஒரு முறை அளவு திரும்ப வரும். வெளியீடு மின்வழங்கலின் 5 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை ஏறும். ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் ஏ.டி.சி.யில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) படித்தால் அரைச்சுற்றுக்குச் சுமார் 920 கவுண்ட், அதாவது 920 எண் படிகள். ஒரு கவுண்ட் என்பது மோட்டாரில் 0.196 டிகிரி, கைப்பிடியில் 0.013 டிகிரி. கை பிடிக்கும் இடத்தில் அது வெறும் 17 மைக்ரான்.

மெய்நிகர் சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதற்கு ஆய்வாளர் ஆபட்டும் ஒகமுராவும் 2005-இல் தந்த நிபந்தனை எளிமையானது. இரு எல்லைகளில் எது சிறியதோ அதைத் தாண்டக்கூடாது. முதல் எல்லை, கருவியின் இயற்கைத் தணிப்பை (வேகத்துக்கேற்ப அசைவைத் தடுக்கும் தன்மை) இரண்டால் பெருக்கி சாம்பிள் இடைவெளியால் (அடுத்தடுத்த இரு அளவெடுப்புகளுக்கு நடுவேயுள்ள நேரம்) வகுத்தது. இரண்டாவது, கருவியின் உலர் உராய்வை இரண்டால் பெருக்கி ஒரு கவுண்டின் நீளத்தால் வகுத்தது. தணிப்பு 0.2 நியூட்டன்-நொடி/மீட்டர், சாம்பிள் இடைவெளி 1 மில்லிநொடி என்றால் முதல் எல்லை 400 நியூட்டன்/மீட்டர். உராய்வு 0.1 நியூட்டன், கவுண்ட் 17 மைக்ரான் என்றால் இரண்டாவது எல்லை 11,700-ஐத் தாண்டுகிறது. நம் கையைக் கட்டிப்போடுவது முதல் எல்லைதான். பகுதிறனை, அதாவது அளவின் நுணுக்கத்தை, பத்து மடங்கு உயர்த்தினாலும் சுவர் ஒரு துளிகூட விறைப்பாகாது.

சென்சாரை மோட்டாரிலிருந்து எடுத்துக் கைப்பிடி அச்சிலேயே வைத்தால் கதை மாறும். 12 பிட் ஏ.எஸ்.5600 என்ற முழுச்சுற்றுக் கோண சென்சார் அங்கே ஒரு கவுண்டுக்கு 0.088 டிகிரி தரும். அது 75 மி.மீ. ஆரத்தில் 115 மைக்ரான். அப்போது இரண்டாவது எல்லை 1,700 அளவுக்கு இறங்கிவிடும். வேகக் கணக்கும் முரடாகும். மோட்டார் தண்டில் வைத்தால் விகிதம் நமக்குச் சாதகம், கயிறு வழுக்குவது தெரியாது. கைப்பிடியில் வைத்தால் வழுக்கல் பாதிக்காது, பகுதிறன் போய்விடும். மலிவுக் கருவிக்கு மோட்டார் தண்டுதான் சரியான இடம் என்பது எங்கள் கருத்து. வழுக்கலைக் கயிற்றிலேயே தீர்த்துவிடலாம்.

முதலில் மூன்று சோதனைகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் செய்துவிட்டுப் பிறகு கீழே போங்கள்.

ஒன்று: மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை அசையாமல் வைத்து 1,000 சாம்பிள் எடுங்கள். அளவு ஒரு கவுண்ட் மேலே கீழே ஆடினால் நன்று, இரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மின் இரைச்சல்.

இரண்டு: மோட்டாரை மாட்டி, கைப்பிடியை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 25 விழுக்காடு பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் முறை) கொடுத்து 1,000 சாம்பிள், திசையை மாற்றி இன்னொரு 1,000. சராசரி எவ்வளவு நகர்ந்தது, சிதறல் எவ்வளவு கூடியது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சூடாகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நொடிக்கு மேல் விடவேண்டாம்.

மூன்று: மோட்டாரை அணைத்துவிட்டு, கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்து நொடியில் மெதுவாகத் தள்ளி, நிலையை வரைபடமாக்குங்கள். தாவல், அலை, தட்டையான இடம் எதுவாக இருந்தாலும் இதில் கண்ணுக்குத் தெரியும்.

மோட்டார் அணைந்திருக்கும்போதே எண் ஆடுகிறது

பெரும்பாலும் காரணம் மின்வழங்கல். கே.எம்.ஏ.210-இன் வெளியீடு மின்வழங்கலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏ.டி.சி.யும் அதே 5 வோல்ட்டை ஒப்பீடாக வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சென்சாருக்குத் தனி ரெகுலேட்டர் போட்டாலோ, ஏ.டி.சி. ஒப்பீட்டை 3.3 வோல்ட்டுக்கு மாற்றினாலோ அந்தச் சமன் உடைந்துவிடும். யூ.எஸ்.பி.யில் ஓட்டும்போது ஓர் அளவு, அடாப்டரில் ஓட்டும்போது வேறோர் அளவு என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். இயல்பான 5 வோல்ட் ஒப்பீட்டுக்குத் திரும்பி, சென்சாரின் மின்வழங்கல் கால்களுக்கு மிக அருகில் 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றை வைத்தால் போதும்.

அதே போர்டில் விசை சென்சார் ஒன்றையும் வேறு அனலாக் காலில் படிக்கிறீர்களா? ஏ.டி.மெகா328-இல் எல்லாக் கால்களும் ஒரே ஏ.டி.சி.யைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூலத்தின் மின்தடை 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் அது சரியாகப் படிக்கும். விசை சென்சாரின் மின்தடை அதைவிட மிக அதிகமாக இருக்கலாம். அதைப் படித்துவிட்டு உடனே நிலையைப் படித்தால் பழைய அளவின் எச்சம் ஒட்டிக்கொண்டு வரும். கால் மாறியதும் முதல் படிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஒரு படிப்புக்குச் சுமார் 110 மைக்ரோநொடி. நேரம் நெருக்கினால் ஏ.டி.சி. கடிகாரப் பிரிப்பை 128-லிருந்து 64 ஆக்கினால் ஏறக்குறைய பாதி ஆகும். இழப்பு மிகக் குறைவு.

மோட்டார் இழுக்கும்போது மட்டும் எண் கெடுகிறது

இரண்டாவது சோதனையின் விடை இங்கே பேசும்.

சிதறல் மட்டும் கூடியிருந்தால் பி.டபிள்யூ.எம். இரைச்சல். சென்சார் வெளியீட்டில் 1 கிலோ ஓம், 100 நானோஃபாரட் வடிகட்டி போடுங்கள். வெட்டு அதிர்வெண் 1.6 கிலோஹெர்ட்ஸ், தாமதம் 0.1 மில்லிநொடிதான். மோட்டார் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, சென்சார் வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். பி.டபிள்யூ.எம். வேகத்தையும் உயர்த்துங்கள். ஊனோவில் 5, 6-ஆம் கால்கள் இயல்பாக 980 ஹெர்ட்ஸ், மற்றவை 490. கவனம்: 5, 6-ஆம் கால்களின் டைமரை 62.5 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் மில்லிநொடிக் கணக்கும் தாமதக் கட்டளைகளும் 64 மடங்கு வேகமாக ஓடும். நேரத்தை வைத்து வேகம் கணக்கிடும் நிரல் அத்தோடு பொய் சொல்லும். 9, 10-ஆம் கால்களை 31 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. எல்298 வகை டிரைவருக்கும் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்று) அந்த வேகம்தான் ஒத்துவரும்.

சராசரி நகர்ந்திருந்தால் இரண்டு திசைகளையும் ஒப்பிடுங்கள். மோட்டார் எந்தப் பக்கம் இழுத்தாலும் எண் ஒரே பக்கம் நகர்கிறது என்றால் தரை (கிரவுண்ட்) வயரில் மின்னழுத்த வீழ்ச்சி. மோட்டாரின் திசை மாறினாலும் டிரைவரிலிருந்து தரைக்குத் திரும்பும் மின்னோட்டம் ஒரே பக்கமாகத்தானே ஓடுகிறது! 1 ஆம்பியர், 50 மில்லி ஓம் வயர் என்று வைத்தால் 50 மில்லிவோல்ட். ஏ.டி.சி.யில் அது 10 கவுண்ட், கைப்பிடியில் 0.17 மி.மீ. பிரெட்போர்டு வழியாக மோட்டார் தரையைக் கொண்டுபோனால் இது நடந்தே தீரும். டிரைவரின் தரையை அடாப்டருக்கு நேராக ஒரு தடித்த வயரில் கொண்டுபோய், சென்சார் தரையை போர்டின் தரைக்காலில் தனியாக இணைத்து, இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கும்படி வையுங்கள்.

திசையை மாற்றினால் எண்ணும் எதிர்ப்பக்கம் நகர்கிறதா? அது மின்சாரமல்ல, இயந்திர நெகிழ்வு. மோட்டார் தாங்கி வளைகிறது, கயிறு இழுபடுகிறது அல்லது முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) செய்த சுழலச்சின் துளை தளர்ந்திருக்கிறது. உறுதிசெய்ய, மோட்டாரை அணைத்து, கைப்பிடி கிளாம்பில் இருக்கும்போதே கப்பியைக் கையால் திருக்கிப் பாருங்கள். அதே அளவு நகர்ந்தால் ஐயமே இல்லை. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகும். மோட்டார் சூடேறிய பின் தாங்கி மெல்லச் சாய்வது இதனால்தான். மோட்டாரைத் தொடும் பாகத்தை மட்டுமாவது ஏ.பி.எஸ். அல்லது பி.இ.டி.ஜி.யில் அச்சிடுங்கள்.

ஏறக்குறைய ஒவ்வொரு 16 மில்லிமீட்டருக்கும் ஒரு ‘தட்டு’ படுகிறது

180 டிகிரி சென்சாருக்கே உரிய நோய் இது. நம் கருவியில் மோட்டாரின் அரைச்சுற்று கைப்பிடியில் 12 டிகிரி, அதாவது 15.7 மி.மீ. சென்சார் அளவு மேலெல்லையைத் தொட்டதும் கீழெல்லைக்கு விழும். நிரல் அதைக் கண்டுகொண்டு ஓர் அரைச்சுற்றைக் கூட்ட வேண்டும். கூட்டும் எண் தப்பாக இருந்தால் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் நிலை குதிக்கும்.

10 பிட் என்பதால் 1024-ஐக் கூட்டுவது வழக்கமான தப்பு. உண்மையான அடுக்கு, மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் உள்ள வித்தியாசம்தான். பெரும்பாலும் அது 921-ஐ ஒட்டி வரும், ஒவ்வொரு சென்சாருக்கும் சற்றே மாறும். 1024-ஐக் கூட்டினால் 103 கவுண்ட் மிகை. கைப்பிடியில் 1.8 மி.மீ. தாவல். கையில் அது தெளிவான ஒரு தட்டாகப் படும். மோட்டார் தண்டை மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றி, மேலெல்லையையும் கீழெல்லையையும் அளந்து அந்த வித்தியாசத்தை நிரலில் இடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பிவந்தால் எண் அச்சு அசலாகப் பழைய இடத்துக்கு வரும். போகும்போது கூட்டிய தப்பு வரும்போது கழிந்துவிடுவதுதான் காரணம். ‘பூஜ்ஜியம் சரியாக வருகிறது, ஆகவே நிரல் சரி’ என்று இதை வைத்து முடிவுகட்டவேண்டாம். மூன்றாவது சோதனையின் வரைபடத்தில் விழும் இடங்களில் கோடு முறியாமல் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எப்போதாவது ஒரு முறை நிலை 16 மி.மீ. நகர்ந்துவிட்டுத் திரும்பி வருவதே இல்லை

இது மேலே சொன்னதன் உறவுக்காரன், ஆனால் காரணம் வேறு. சென்சாரின் வெளியீடு மேலிருந்து கீழே விழுவதற்குச் சிறிது நேரம் எடுக்கும். ஏ.டி.சி. அந்த நொடித்துகளில் படித்துவிட்டால் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். 940, 500, 60 என்று வரிசையாக வந்தால் எந்தத் தாவலும் அரை அடுக்கான 460-ஐத் தாண்டவில்லை. சுற்று மாறியதை நிரல் கவனிக்காமலே விட்டுவிடும்.

தாவலை ஒரு சாம்பிளுக்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிடாமல் அதற்கும் முந்தையதோடு ஒப்பிடுவது ஒரு வழி. எங்களுக்குப் பிடித்த வழி வேறு: கை எவ்வளவு வேகமாக அசையக்கூடும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் தாவும் சாம்பிளைத் தள்ளிவிடுவது. கைப்பிடி நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போனால் மோட்டார் மில்லிநொடிக்கு 17 டிகிரி, அதாவது 88 கவுண்ட். ஆகவே அடுக்கைச் சரிசெய்த பிறகும் மாற்றம் 120 கவுண்டுக்கு மேல் இருந்தால் அது பொய். அந்த ஒரு மில்லிநொடிக்குப் பழைய நிலையையே வைத்துக்கொண்டு, அடுத்த சாம்பிளுக்கு எல்லையை 240 ஆக்குங்கள்.

வேகமாக ஆட்டினால் மட்டும் இது நடக்கிறது என்றால் சீரியல் அச்சிடுதலைப் பாருங்கள். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பத்து எழுத்து அனுப்ப 10 மில்லிநொடி ஆகும். ஊனோவின் அனுப்பும் தாங்கலில் 64 எழுத்துக்குத்தான் இடம். அது நிரம்பியதும் நிரல் அங்கேயே நின்றுவிடும். 10 மில்லிநொடி நிற்கும் நேரத்தில் மோட்டார் 90 டிகிரி திரும்பிவிட்டால் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. அதற்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று போதும். கைப்பிடியில் நொடிக்கு 0.8 மீட்டர்தான், மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் வந்துவிடும் வேகம். பாட் வேகத்தை 1,15,200 ஆக்குங்கள். 20 சாம்பிளுக்கு ஒரு முறை மட்டும் அச்சிடுங்கள். சென்சாரைப் படிப்பதை 1 கிலோஹெர்ட்ஸ் டைமருக்குள் வையுங்கள்.

மெதுவாகத் தள்ளினாலும் வரைபடம் அலை அலையாக வருகிறது

காந்தம் மையத்தில் இல்லை. சாய்ந்திருக்கலாம், தள்ளியிருக்கலாம், இடைவெளி தப்பாக இருக்கலாம். அலையின் நீளம் மோட்டாரின் ஒரு சுற்று அல்லது அரைச்சுற்றோடு ஒத்துப்போனால் ஐயத்துக்கு இடமில்லை.

எவ்வளவு பிழை கையில் தெரியும்? மோட்டாரில் 1 டிகிரி அலைப்பிழை கைப்பிடியில் 0.09 மி.மீ., வரைபடக் கோட்டின் சரிவில் 1.7 விழுக்காடு. யாருக்கும் தெரியாது. 10 டிகிரி ஆனால் 0.9 மி.மீ., சரிவில் 17 விழுக்காடு. ஒரே விறைப்புள்ள வில் ஓரிடத்தில் கடினமாகவும் இன்னோரிடத்தில் இளக்கமாகவும் படும். 3 டிகிரிக்குள் கொண்டுவந்துவிட்டால் மேலே மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் காந்தத்தைச் சரிசெய்யுங்கள், கணக்கு அப்புறம். விட்டத்தின் வழியே காந்தமேற்றிய நியோடிமியம் வட்டு, 6 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு போதும். அதை இரும்புத் தண்டின் மேலேயே ஒட்டினால் இரண்டு கேடு: தண்டு காந்தப்புலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பசை காயும்முன் காந்தம் தண்டின் விளிம்பை நோக்கி வழுக்கிப் போய்விடுகிறது. மையம் தவறுவது பெரும்பாலும் இந்தப் பசை காயும் நேரத்தில்தான். தண்டுக்கான துளையும் காந்தத்துக்கான குழியும் ஒரே துண்டில் வரும்படி பிளாஸ்டிக் தொப்பி ஒன்று அச்சிட்டு, இரண்டுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. பிளாஸ்டிக் இருக்குமாறு விடுங்கள். சென்சார் பக்கம் 0.25 மி.மீ.க்குள் மையம் இருந்தால் நல்லது. இடைவெளிக்கு இரண்டு பழைய ஏ.டி.எம். கார்டுகளை அடுக்கி நடுவே செருகிப் பாருங்கள். ஒரு கார்டு 0.76 மி.மீ., இரண்டும் சேர்ந்து 1.5 மி.மீ. அந்த அளவில் சென்சார் போர்டை இறுக்கிவிட்டு கார்டுகளை உருவிவிடலாம். சென்சாருக்குப் பக்கத்தில் இரும்புத் திருகு வேண்டாம். பித்தளை அல்லது நைலான் போடுங்கள்.

அதற்குப் பிறகும் பிழை மிஞ்சினால் அளந்து திருத்தலாம். கைப்பிடியில் நேராக ஒரு தென்னை ஈர்க்கை ஒட்டி, அச்சிலிருந்து 300 மி.மீ. நீளம் வரும்படி வெட்டுங்கள். அடியில் கிராஃப் தாளில் 300 மி.மீ. ஆரத்தில் வில் வரைந்து வையுங்கள். ஈர்க்கு நுனி 1 மி.மீ. நகர்ந்தால் மோட்டார் 2.9 டிகிரி திரும்புகிறது. கால் மி.மீ. துல்லியமாகப் படித்தால் 0.7 டிகிரி. 4 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக முழு வீச்சுக்கும் குறியுங்கள். எப்போதும் ஒரே பக்கமிருந்து புள்ளியை நெருங்குங்கள், இல்லையென்றால் கயிற்றின் நெகிழ்வும் இதில் கலந்துவிடும். சென்சார் சொன்ன கோணத்திலிருந்து தாளில் படித்த கோணத்தைக் கழித்து, அந்த மிச்சத்தை மோட்டார் கோணத்தின் சைன், கொசைன், இரட்டைக் கோணத்தின் சைன், கொசைன் என்ற நான்கோடு விரிதாளில் பொருத்தினால் நான்கு எண்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து 32 இடமுள்ள அட்டவணையாக்கி நிரலில் வையுங்கள். ஊனோவில் ஒவ்வொரு மில்லிநொடியும் சைன் கணக்கிடுவது வீண் செலவு.

கே.எம்.ஏ.210-க்கு ஓர் எச்சரிக்கை. அதற்கு ஒரு சுற்றின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றுபோலத் தெரியும். சுற்றுக்கு ஒரு முறை வரும் பிழையைத் திருத்த, இப்போது எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும். அதைப் பூஜ்ஜிய இடத்திலிருந்து எண்ணிவந்த அரைச்சுற்றுகள் ஒற்றையா இரட்டையா என்பதிலிருந்து எடுங்கள்.

தண்டைச் சுற்றினாலும் எண் அசையவில்லை, அல்லது கொஞ்சமாகத்தான் மாறுகிறது

கடையில் கொடுத்தது தடிப்பின் வழியே காந்தமேற்றிய வட்டு. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. காந்தத்தை மேசையில் தட்டையாக வைத்து, அரை அடி தள்ளி ஒரு திசைகாட்டியை வைத்துக் காந்தத்தை அங்கேயே சுற்றுங்கள். முள் கூடவே திரும்பினால் சரியான காந்தம். திரும்பவில்லையென்றால் மாற்றுங்கள், வேறு வழியில்லை. காந்தம் சரிதான், ஆனாலும் எண் இரு எல்லைகளுக்கும் வெளியே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் வயர் அறுந்திருக்கும் அல்லது சென்சார் பழுதுநிலையைக் காட்டுகிறது.

விளையாட விளையாட சுவர் இடம் மாறிக்கொண்டே போகிறது

கயிறு வழுக்குகிறது. மோட்டார் தண்டில் உள்ள சென்சாருக்கு அது தெரியாது. வெள்ளை இங்க் பேனாவால் தண்டு, கப்பி, விசிறித் தகடு மூன்றின் மேலும் நேர்கோட்டில் குறிபோட்டு, மெய்நிகர் சுவரில் கைப்பிடியை இருபது முறை பலமாக மோதுங்கள். தண்டுக்கும் கப்பிக்கும் இடையே குறி விலகினால் கப்பியின் இறுக்குத் திருகு தளர்ந்திருக்கிறது. தண்டில் அரம் வைத்துச் சிறிய தட்டை முகம் எடுத்து, திருகை அதன் மேல் உட்கார வையுங்கள். கப்பிக்கும் தகட்டுக்கும் இடையே விலகினால் கயிறு.

கயிற்றுப் பிடிப்பு சுற்றுகளின் எண்ணிக்கையோடு பன்மடங்காக ஏறும். உராய்வுக் கெழு 0.15 என்றால் மூன்று சுற்றுக்கு இரு முனை இழுவைகளின் விகிதம் 17 வரை வழுக்காது. ஐந்து சுற்றுக்கு 111. கயிற்றை முறுக்கேற்றுவதைவிட இரண்டு சுற்று கூட்டுவதே மேல். முறுக்கேற்றினால் உராய்வும் கூடும், மோட்டார் தண்டும் வளையும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கக் கப்பியில் மரைபோல் வெட்டுங்கள். மீன்பிடி பின்னல் நூல் போட்டிருந்தால் அது நாள்பட நீளும், வாரம் ஒரு முறை இறுக்க வேண்டியிருக்கும். நைலான் பூசிய எஃகுக் கம்பி நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கயிற்றுக்குப் பதில் ரப்பர் உரசி ஓடும் வகையில் வழுக்கலை முற்றாக ஒழிக்க முடியாது, அடிக்கடி பூஜ்ஜியம் பார்க்கத்தான் வேண்டும்.

ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் சுவர் வேறிடத்தில் இருக்கிறது

எத்தனையாவது சுற்றில் இருக்கிறோம் என்பது சென்சாருக்குத் தெரியாது. ஆனால் ஒரு சுற்றுக்குள் எங்கே என்பது நன்றாகத் தெரியும். நம் கருவியில் 180 டிகிரி என்பது கைப்பிடியில் 12 டிகிரி. ஆகவே பவர் போடும்போது கைப்பிடி நடுவிலிருந்து 6 டிகிரிக்குள் இருந்துவிட்டால் போதும். மீதித் துல்லியத்தைச் சேமித்து வைத்த நடு அளவே கொடுத்துவிடும். அடித்தட்டில் கைப்பிடி தானாக வந்து நிற்கும் ஒரு பள்ளம் செதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. 360 டிகிரி சென்சார் என்றால் 12 டிகிரி வரை பிசகலாம். பலரும் செய்வதுபோல, பவர் போட்ட இடத்தையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டால் கை வைத்த பிசகு முழுவதும் அளவில் ஏறும்.

சுவரைத் தொட்டால் ‘உர்ர்’ என்று அதிர்கிறது

விரல் நுனிக்கு 250 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வு மிக நன்றாகத் தெரியும், சில மைக்ரான் போதும். அதனால் இந்தக் குறை சிறியதாக இருந்தாலும் எல்லோரும் கவனிப்பார்கள்.

தணிப்புக் கெழுவைப் பூஜ்ஜியமாக்கி வில் மட்டும் வைத்துப் பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால் குற்றவாளி வேகக் கணக்கு. 17 மைக்ரானை 1 மில்லிநொடியால் வகுத்தால் நொடிக்கு 17 மி.மீ. கைப்பிடி அசையாமல் இருந்து ஒரு கவுண்ட் மட்டும் ஆடினாலும் வேகம் அவ்வளவு துள்ளும். தணிப்பு 5 நியூட்டன்-நொடி/மீட்டர் என்றால் விசை 0.085 நியூட்டன் துள்ளும்.

வடிகட்டி போட வேண்டும், ஆனால் எண்களைப் பார்த்துப் போட வேண்டும். சுற்றிவரும் எடுத்துக்காட்டு நிரல்களில் 0.95 என்ற கெழுவோடு இரண்டு அடுக்கு வடிகட்டியும், 0.0001 நொடி என்ற நேரமும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது 10 கிலோஹெர்ட்ஸுக்குப் பொருந்தும். ஊனோவில் சென்சாரை ஒரு முறை படிக்கவே 110 மைக்ரோநொடி ஆகிறது, அந்த வேகம் வராது. அதே நிரலை 1 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் பத்து மடங்கு பெரிதாகவும், ஒவ்வோர் அடுக்கிலும் 20 மில்லிநொடி தாமதமாகவும் வரும். மொத்தம் 40 மில்லிநொடி தாமதித்து வரும் தணிப்பு, அதிர்வைத் தணிக்காது, தூண்டும். டைமரால் 1 கிலோஹெர்ட்ஸை உறுதியாக்கி, நேரத்தை 0.001 என்று திருத்தி, ஓரடுக்கு வடிகட்டியைக் கெழு 0.85-இல் வையுங்கள். வெட்டு அதிர்வெண் 26 ஹெர்ட்ஸ் அளவில் வரும்.

வில் மட்டும் இருக்கும்போதும் அதிர்ந்தால் விறைப்பு முதல் எல்லையைத் தாண்டிவிட்டது. விறைப்பைக் குறையுங்கள், அல்லது சாம்பிள் வேகத்தைக் கூட்டுங்கள். கைப்பிடி சுவரை விட்டு வராமல் உள்ளே பாய்ந்து இழுத்தால் அது அதிர்வு அல்ல. மோட்டார் வயர் இரண்டும் மாறியிருக்கின்றன.

ஏ.எஸ்.5600 போட்ட பிறகு சுவர் இன்னும் மோசமாகிவிட்டது

12 பிட், முழுச் சுற்று, விலையும் குறைவு. அப்படியிருந்தும் மோசமாகிறது என்றால் காரணம் தாமதம். இந்தச் சில்லு இயல்பாக மிகக் கனமான வடிகட்டியோடு வருகிறது, நிலைபெற 2.2 மில்லிநொடி. அமைப்பு ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் அமைப்புகளை வைக்கும் நினைவிடம்) மெதுவடிகட்டியின் இரண்டு பிட்டுகளையும் ஒன்றாக்கினால் அது 0.286 மில்லிநொடியாகும். இரைச்சல் 0.015 டிகிரியிலிருந்து 0.043 டிகிரிக்கு ஏறும். ஒரு கவுண்டே 0.088 டிகிரி என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த அமைப்பைச் சில்லில் நிரந்தரமாக எரிக்கும் கட்டளையைத் தொடவேண்டாம், ஒரு முறைதான் எழுத முடியும். ஒவ்வொரு தொடக்கத்திலும் நிரலே எழுதிக்கொள்ளட்டும்.

ஐ2சி (போர்டும் சில்லும் பேசிக்கொள்ளும் இரு வயர் இணைப்பு) வேகத்தை 100-லிருந்து 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஒரு படிப்புக்கு ஏறக்குறைய 45 பிட். 100-இல் அது 0.45 மில்லிநொடியைத் தின்னும், 400-இல் 0.11. கோணத்தைத் திருத்திய கோண ரெஜிஸ்டரிலிருந்து எடுக்காமல் மூலக்கோண ரெஜிஸ்டரிலிருந்து எடுங்கள். முன்னதில் சுற்று முடியும் இடத்தில் 10 கவுண்ட் தயக்கம் வைத்திருக்கிறார்கள், எங்கள் வேலைக்கு அது இடையூறு. திசைக்கால் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கினால் கோணம் திடீரென்று எதிர்ப்பக்கம் எண்ணத் தொடங்கும். தரையிலோ மின்வழங்கலிலோ கட்டிவிடுங்கள். நிலை ரெஜிஸ்டரில் காந்தம் கண்டதா, வலுக்குறைவா, வலுமிகையா என்று மூன்று பிட்டுகள் இருக்கின்றன. இடைவெளியைக் கண்ணால் ஊகிப்பதற்குப் பதில் அவற்றைப் படியுங்கள். தானியங்கிப் பெருக்க அளவு 5 வோல்ட்டில் 0 முதல் 255 வரையும் 3.3 வோல்ட்டில் 0 முதல் 128 வரையும் போகும், அதன் நடுப்பகுதியில் நிற்கும்படி காந்தத்தை நகர்த்துங்கள்.

போர்டு சில நிமிடம் ஓடிப் பிறகு உறைந்துபோனால் மோட்டாரின் இரைச்சல் ஐ2சி வயரில் ஏறியிருக்கும். வயர் 10 செ.மீ.க்குள் இருக்கட்டும், மேலிழுக்கும் மின்தடையை 2.2 கிலோ ஓம் ஆக்குங்கள், ‘வயர்’ (Wire) என்ற ஆர்டுயினோ ஐ2சி நூலகத்தில் காலக்கெடுவை இயக்குங்கள். தொடக்கத்திலேயே உறைகிறது என்றால், டைமர் குறுக்கீட்டுக்குள் (இன்டரப்ட்) ஐ2சி படிப்பு நடக்கிறதா என்று பாருங்கள். ஊனோவின் ஐ2சி நூலகமே குறுக்கீட்டை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு குறுக்கீட்டுக்குள் இன்னொன்று வராது. படிப்பு முடியும்வரை நிரல் காத்துக்கொண்டே இருக்கும். டைமரில் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, படிப்பதை முதன்மைச் சுழற்சியில் செய்யுங்கள். அனலாக் சென்சாருக்கு மேலே சொன்ன ‘டைமருக்குள் படியுங்கள்’ என்ற வழி இந்தச் சில்லுக்குப் பொருந்தாது.